இரண்டு வேட்பாளர்களின் கொள்கை நிலைப்பாடுகளை எப்படி ஒப்பிடுவது?

ஒரு பிரச்சினையில் வேட்பாளர் எதைச் செய்வார், யார் செலவில் செய்வார் என்பதே கொள்கை நிலைப்பாடு. 'நொய்யல் ஆற்றைக் காப்பேன்' என்பது வெறும் ஆசை. எந்த வேட்பாளரும் அதை மறுக்கப் போவதில்லை. சாயக்கழிவைச் சுத்திகரிக்கும் செலவை அரசு ஏற்குமா, சாயப்பட்டறைகளே ஏற்க வேண்டுமா என்று கேளுங்கள், அங்கேதான் இருவரும் பிரிவார்கள். திருப்பூரில் நூல் வாங்குபவர் 40-ஆம் நம்பர் நூலை (நம்பர் என்பது நூலின் மென்மையைக் குறிக்கும் அளவு) 40-ஆம் நம்பரோடுதான் விலை பார்ப்பார். அதுபோல ஒரே கேள்விக்கான இரண்டு பதில்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம், அந்தப் பதவிக்கு அதிகாரம் இருக்கிறதா? ஜிஎஸ்டி விகிதத்தைப் பரிந்துரைப்பது மத்திய, மாநில அமைச்சர்கள் அடங்கிய ஜிஎஸ்டி மன்றம். எம்எல்ஏ வேட்பாளர் 'நூலுக்கு வரியைக் குறைப்பேன்' என்றால் அது மேடைப் பேச்சு. விசைத்தறிக்கு இலவச மின்சாரம் மாநில அரசின் கையில் இருப்பது, அதில் விடாமல் கேட்கலாம். காலக்கெடுவும் முக்கியம். பவானி ஆற்று நீரால் குளங்களை நிரப்பும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் பல தேர்தல்களில் வாக்குறுதியாகவே ஓடி, 2024 ஆகஸ்டில்தான் தொடங்கி வைக்கப்பட்டது.

தேர்தல் அறிக்கையில் அச்சடித்ததைக் கோர்ட்டுக்குப் போயாவது வாங்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அல்ல, பணம் எங்கிருந்து வரும் என்று மேலோட்டமாகவாவது சொல்லச் சொல்கிறது தேர்தல் ஆணையம், அவ்வளவுதான்.