வீட்டில் தண்ணீர் சேதம், படுக்கையில் மனைவி: காப்புறுதி வேலையை எங்கிருந்து தொடங்குவது?

தொட்டி உடைந்து சிலிங் விழுந்துவிட்டது, மனைவி எழுந்து நடக்க முடியாதவர், காப்புறுதி ஆள் வந்து பார்க்கும்வரை எதையும் தொடக்கூடாது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சேதம் மேலும் பரவாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்றுதான் பாலிசியிலேயே எழுதியிருப்பார்கள். படம் எடுத்துவிட்டுத் துடைக்கலாம், நனைந்த மெத்தையை வெளியே போடலாம், பைப்பை அடைக்க ஆள் கூப்பிடலாம். தூக்கி எறிவதுதான் கூடாது. அட்ஜஸ்டர் (சேதத்தை மதிப்பிடக் காப்புறுதி அனுப்பும் ஆள்) பார்க்கிறவரை எல்லாம் வராந்தாவில் கிடக்கட்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் நனைந்த சுவரும் துணியும் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடித்துவிடும். நோயாளி இருக்கும் வீட்டில் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட். தோட்டத்தை விட்டு வெளியே வந்தபோது வாங்கிய தாமான் வீடு. என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, சிஏபிடி என்கிற, வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்யும் டயாலிசிஸ் செய்கிறோம். மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் ஏற்றி, சில மணி நேரம் வைத்து, இறக்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை. ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மாஸ்க் போட்டு, கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுச் செய்கிற வேலை. கிருமி போனால் வயிற்றுக்குள்ளேயே சீழ் பிடிக்கும். அந்த அறைக்கு நேர் மேலேதான் தொட்டி. மிதவை சிக்கி, வழிகிற பைப்பும் அடைத்துக்கொண்டு, சிலிங் பலகை மருந்துப் பெட்டிகள் மேலேயே இறங்கியது.

மெயின் சுவிட்சை அணைத்தேன். அவரை முன் ஹாலுக்கு மாற்றி, சாமி மேடைப் பக்கத்து மூலையை டெட்டால் போட்டுத் துடைத்து, அடுத்த முறை மருந்துத் தண்ணீர் மாற்றுவதற்கு இடம் பண்ணினேன். அப்புறம்தான் போனை எடுத்தேன். முதல் அழைப்பு காப்புறுதிக்கு இல்லை, ஈப்போவில் உள்ள சிஏபிடி நர்ஸுக்கு. "கூரைத் தண்ணி பட்ட பெட்டிய எடுக்காதீங்க, உறை பிரியலைன்னாலும் ஒதுக்கி வைங்க, வேற தர்றோம்" என்றார். உங்கள் மனைவிக்குக் காற்று மெத்தையோ ஆக்சிஜன் மெஷினோ இருந்தால், வயர்மேன் வந்து பார்க்காமல் நனைந்த பக்கத்து பிளக்கில் மாட்டாதீர்கள். வீடு பழசு என்றால் சிலிங் பலகையில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரமாக இருக்கும்போதே அள்ளிப் பையில் கட்டுங்கள். காய்ந்தபின் பெருக்கினால் தூசி மூச்சில் போகும்.

நான் அறை அறையாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது அவர் ஹாலிலிருந்து, "என்னையும் ஒண்ணு எடுத்துக்கோ, நானும் நனைஞ்ச சாமான்தான்" என்றார். எடுத்தேன். அந்தப் படமும் உதவியது. வீட்டில் இப்படி ஒரு நோயாளி இருக்கிறார், அறை சீக்கிரம் வேண்டும் என்று ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு சேர்த்து இ-மெயிலில் அனுப்பிய பிறகுதான் அட்ஜஸ்டர் வருகிற தேதி முன்னே வந்தது. போனில் எத்தனை தடவை சொல்லியும் நடக்காதது இது. எதையும் எழுத்தில் சொல்லுங்கள்.

இனி பாலிசி. பேங்க் கடனோடு வருவது பல நேரம் தீக் காப்புறுதி மட்டும்தான். தீ, மின்னல், வீட்டு கேஸ் வெடிப்பு, அவ்வளவே. தொட்டி, பைப் உடைந்து கொட்டும் தண்ணீர் ஹவுஸ்ஓனர் பாலிசியில்தான் வரும். அதுவும் கட்டடத்துக்கு. கட்டில், பீரோ, டிவிக்கு ஹவுஸ்ஹோல்டர் என்று தனியாக இருக்க வேண்டும். மாதக்கணக்கில் சொட்டி ஊறிய சுவருக்குப் பொதுவாகத் தர மாட்டார்கள். எங்களுக்கும் பழைய தொட்டிக்குக் காசு கிடைக்கவில்லை, சிலிங்குக்கும் வயரிங்குக்கும்தான் கிடைத்தது.

காப்புறுதித் தொகை குறைவாக இருந்தால் அங்கேயும் வெட்டு விழும். திரும்பக் கட்ட 200,000 ரிங்கிட் ஆகும் வீட்டை 100,000-க்குப் போட்டிருந்தால், 8,000 ரிங்கிட் சேதத்துக்கு 4,000 தான் என்று கணக்குப் போடுவார்கள்.

பாலிசி யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். எங்களுடையது அவர் பெயரில். கை நடுக்கத்தில் கையெழுத்து பழையதுபோல் வரவில்லை என்று படிவத்தைத் திருப்பி அனுப்பினார்கள். கைரேகையும், என்னைப் பேச அனுமதிக்கும் கடிதமும் போதும் என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள். மனைவி பெயரில் இருந்தால் இதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

மறுத்துவிட்டாலோ தொகை அநியாயமாக இருந்தாலோ, முதலில் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு எழுதி, கடைசி முடிவை எழுத்தில் வாங்குங்கள். அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் காப்புறுதி, பேங்க் புகார்களைத் தீர்த்துவைக்கும் எஃப்எம்ஓஎஸ் அமைப்பிடம் போகலாம். முன்பு ஓஎஃப்எஸ் என்று இருந்ததுதான், 2025 ஜனவரியிலிருந்து இந்தப் பெயரில் நடக்கிறது. காப்புறுதி வழக்கில் 250,000 ரிங்கிட் வரை பார்ப்பார்கள், நமக்குக் கட்டணம் இல்லை. வீட்டுக் கடன் இன்னும் ஓடுகிறதென்றால் பணம் பேங்க் பெயரில் வரவும் கூடும். கொந்த்ராக்டருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.