பழைய மாஸி 1035 டிராக்டரில் பின் ஆக்ஸில் சீல் கசிகிறது, நாமே மாற்றலாமா?

வலது பின் சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் வழிகிறது, அந்தப் பக்கம் பிரேக்கும் பிடிப்பதில்லை, ஆக்ஸில் சீலை, அதாவது ஆயில் வெளியே வராமல் ஆக்ஸிலைச் சுற்றிப் பிடிக்கும் வளையத்தை, வீட்டிலேயே மாற்றலாமா, பட்டறைக்குத்தான் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றலாம். நான் மாற்றியிருக்கிறேன், ஒரே போகத்தில் இரண்டு தடவை! அந்த இரண்டாவது தடவை ஏன் வந்தது என்று தெரிந்தால் உங்களுக்கு ஒரு தடவையோடு முடியும்.

எங்களுடையதும் 1035தான், அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது, மன்னார்குடிப் பக்கம் நஞ்சையில் ஓடுகிறது. இந்த வண்டியின் பின்பக்கம் ஐம்பதுகளில் வந்த பெர்குசன் 35-இன் வழிவந்தது, அதனால் மாஸி 35 என்று தேடினால் வருகிற வெளிநாட்டு வீடியோக்களும் பெரும்பாலும் உதவும்.

முதலில், கழற்றுவதற்கு முன்னால் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். இதில் கியர் பாக்ஸ், கிரௌன் (பின் ஆக்ஸிலைச் சுழற்றும் பெரிய பல்சக்கரம்), ஹைட்ராலிக் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தான், 30 லிட்டர் சுமாருக்குப் பிடிக்கும். கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட் சரியாகத் தூக்கவில்லை என்றால் நம் ஆட்கள் செய்கிற முதல் வேலை இரண்டு லிட்டர் ஊற்றுவது. டிப்பர் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் தொட்டி மேலே நிற்கும்போது அளவு பார்த்து ஊற்றுவார்கள், தொட்டி இறங்கியதும் அதைத் தூக்கிய ஹைட்ராலிக் ஜாக்கில் இருந்த ஆயிலெல்லாம் உள்ளே திரும்பி, அளவு தாண்டி, சீலைத்தான் தேடும். அளவு அதிகமாக இருந்தால் முதலில் அதைக் குறைத்துவிட்டு நாலு நாள் ஓட்டிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, சீலோடு மொத்த ஆயிலையும் மாற்றத்தான் வேண்டும்.

அப்புறம், பழைய 1035-இல் பிரேக் ராடு வைத்த மெக்கானிக்கல் பிரேக், பிரேக் ஆயில் என்ற பேச்சே கிடையாது. அதனால் பிரேக் டிரம்மிலிருந்து ஒழுகுவது கியர் ஆயிலாகத்தான் இருக்கும், இல்லையென்றால் பேரிங்கில் அடைத்த கிரீஸ் உருகி வரும். மெல்லிசாக, நீளமாக வழிந்தால் ஆக்ஸிலை மூடியிருக்கும் ஹவுசிங்குக்குள் இருக்கும் உள் சீல். கட்டியாக, மண்ணோடு சேர்ந்து ஹப்பைச் சுற்றி அப்பியிருந்தால் வெளி சீல்.

இந்த வித்தியாசம் முக்கியம். உள் சீலுக்கு ஆக்ஸிலை உருவினால் போதும், கையால் மாற்றிவிடலாம். வெளி சீல் பேரிங்குக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கும், பேரிங்கைப் பிடித்திருக்கும் இரும்பு வளையம் சூடு செய்து இறக்கியது, அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும், புதிதாக ஒன்றைச் சூடாக்கி இறக்க வேண்டும். அதை வீட்டில் செய்யாதீர்கள். ஆக்ஸிலை ஆட்டோவில் போட்டுக்கொண்டு பிரஸ் உள்ள பட்டறைக்குப் போங்கள்.

தூக்கும்போது கவனம். முன் ஆக்ஸில் நடுவில் ஒரு பின்னில்தான் ஆடுகிறது, பின்னால் ஒரு பக்கம் ஜாக்கி வைத்தால் வண்டி மொத்தமாகச் சாயப் பார்க்கும். முன் ஆக்ஸிலுக்கும் அதன் மேல் தாங்கிக்கும் நடுவே இரண்டு பக்கமும் கட்டை ஆப்பு அடித்துவிட்டு, மற்ற சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஜாக்கியைத் தொடுங்கள். ஹவுசிங்குக்கு அடியில் கனமான கட்டை அடுக்கு வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் சக்கரத்தை உருட்ட மூன்று பேர் வேண்டும். அந்தப் பக்கத்தை நன்றாகத் தூக்கிவிட்டால் ஆயில் மறுபக்கம் ஓடிவிடும், முழுவதும் இறக்க வேண்டியதில்லை, ஆனாலும் அடியில் ஒரு பேசின் வையுங்கள்.

சக்கரம், டிரம், பிரேக் ராடு, பிறகு டிரம்முக்குப் பின்னால் உள்ள பேக் பிளேட்டைச் சுற்றி இருக்கும் நட்டுகள், இந்த வரிசையில் கழற்றுங்கள். ஆக்ஸில் பேக் பிளேட்டோடு சேர்ந்து வரும். இடையில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும், அவற்றை எடுத்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்துத் தொங்கவிடுங்கள், ஆக்ஸில் உள்ளே வெளியே ஆடுகிற ஆட்டத்தை அவைதான் கட்டுப்படுத்துகின்றன. டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

இனி என் கதை. முதல் தடவை சீலை நெம்பி எடுத்தேன், புதுசை அடித்தேன், மூடினேன். இருபது நாளில் மறுபடி டிரம் நனைந்தது. கடைக்காரர் போலி சீல் கொடுத்துவிட்டார் என்று சண்டைக்கே போனேன். அப்புறம் வந்த வயசான ஃபிட்டர் ஒருவர் ஆக்ஸிலைத் துடைத்து, சீல் உதடு உரசும் இடத்தில் என் கட்டைவிரலை வைத்து, "தம்பி, நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாரு" என்றார். நகம் டக்கென்று ஒரு பள்ளத்தில் விழுந்தது. கண்ணுக்குப் பளபளவென்று ஒரு கோடுதான் தெரிகிறது, நகத்துக்கு வாய்க்கால்! அந்தப் பள்ளத்தில் எந்தக் கம்பெனி சீல் போட்டாலும் நிற்காது.

நகம் லேசாகத்தான் தட்டுகிறது, சீல் உட்காரும் குழியிலும் இடம் இருக்கிறது என்றால், சீலை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்தால் உதடு புது இடத்தில் ஓடும். எனக்கு அது சரியாக வந்தது. பள்ளம் ஆழமாக இருந்தால் லேத்தில் கொடுத்து மெல்லிய ஸ்லீவ் (இரும்பு உறை) ஏற்ற வேண்டும். எமரி பேப்பரால் தேய்த்துச் சமன் செய்கிறேன் என்று இறங்காதீர்கள், பள்ளம் போகாது, அளவுதான் குறையும்.

பள்ளம் எப்படி வந்தது என்றால், கேஜ் வீல் (சேற்றில் ஓட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டுத் தொளி உழுததால்தான். சேறு ஹப்பைச் சுற்றிக் காய்ந்து, வைக்கோலும் சணல் கயிறும் அச்சில் சுற்றிக்கொண்டு வெளி சீலைத் தின்றுவிடும், அது போனதும் சேற்றுத் தண்ணீர் பேரிங்கைத் தாண்டி உள் சீலுக்கு வந்து உப்புத்தாள் வேலை செய்யும். இப்போது உழவு முடிந்த அன்றே கயிறை அறுத்து எடுத்துக் கழுவிவிடுகிறோம்.

சீல் வாங்கப் பழைய சீலைக் கையோடு கொண்டுபோங்கள். இந்த வண்டிகளின் அளவுகள் அங்குலக் கணக்கு, கிட்டத்தட்டப் பொருந்துகிற மில்லிமீட்டர் சீலைத் தலையில் கட்டுவார்கள். ஸ்பிரிங் உள்ள முகம் ஆயில் பக்கம் பார்க்க வேண்டும். பழைய சீலையே மேலே வைத்து, சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்டுங்கள். உதட்டில் கிரீஸ் தடவுங்கள். ஆக்ஸில் முனையில் உள்ள ஸ்ப்ளைன் பற்கள் கத்தி மாதிரி இருக்கும், சீல் உதட்டைக் கிழித்துவிடும். அதற்காகப் பால் கவரை வெட்டி அதன்மேல் சுற்றி, சீலைத் தாண்டியதும் கவரை உருவிவிடலாம் என்று நினைக்காதீர்கள், அது உள்ளே மாட்டிக்கொள்ளும். பதிலாக ஆக்ஸிலின் எடை சீல் மேல் விழாதபடி இருவர் தாங்கிப் பிடித்து நேராக உள்ளே நுழைத்துவிடுங்கள்.

ஆயிலில் ஊறிய பிரேக் லைனிங்கைப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்துவார்கள். இரண்டு நாள் பிடிக்கும், சூடானதும் உள்ளே ஊறியது திரும்பக் கக்கும். புது லைனிங் போடுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் ரோட்டில் பிரேக் மிதிக்கும்போது வண்டி அந்தப் பக்கம் இழுக்கும்.