பழைய பைக்கின் ஃபோர்க்: எந்த எண்ணெய், ஏன் கசிவு? (கேள்வி பதில்)

கேள்வி: முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் 10டபிள்யூ எண்ணெய் போடச் சொல்கிறது கையேடு. நிறுவனத்தை மாற்றி அதே 10டபிள்யூ ஊற்றியதிலிருந்து முன்பக்கம் தொளதொளவென்று இருக்கிறது. போலி எண்ணெயா?

பதில்: போலி என்று முடிவுகட்ட வேண்டாம். ஃபோர்க் ஆயிலைப் பொறுத்தவரை அந்த எண் ஒவ்வொரு நிறுவனத்தின் விருப்பம். 40 டிகிரி செல்சியஸில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் (எண்ணெயின் தடிமனைச் சொல்லும் அலகு) என்பதே உண்மையான அளவு. அது நிறுவனத்தின் தொழில்நுட்பத் தாளில் இருக்கும். 10 என்று விற்பவற்றில் 30-ஐ ஒட்டியதும் உண்டு, 45-ஐத் தாண்டியதும் உண்டு. முன்பு ஊற்றிய எண்ணெயின் அளவைக் கண்டுபிடித்து, அதற்கு நெருக்கமானதை வாங்குங்கள். டப்பாவின் முகப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கேள்வி: ஏ.டி.எஃப். (ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) ஊற்றலாமா? இன்ஜின் ஆயில்?

பதில்: ஏ.டி.எஃப். தாராளமாக. 1970-களின் ஹோண்டா கையேடுகள் சிலவே அதைத்தான் சொல்கின்றன. தடிமனில் ஏறக்குறைய 10டபிள்யூ. இன்ஜின் ஆயிலைக் கையேடு கேட்டால் மட்டும் ஊற்றுங்கள்.

கேள்வி: பிரேக் பிடித்தால் மூக்கு தரையைத் தொடப் பார்க்கிறது. 20டபிள்யூ போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. எண்ணெய் அசைவின் வேகத்தைத்தான் குறைக்கும். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அதைக் கழற்றி நீளத்தை அளந்து, கையேடு தரும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். தடித்த எண்ணெய் ஊற்றினால் சிறு பள்ளங்களில்கூடக் கைப்பிடி உதறும்.

கேள்வி: ஒரு பக்கம் மட்டும் சீல் (எண்ணெயை வெளியே விடாத ரப்பர் வளையம்) கசிகிறது. இரண்டு முறை மாற்றியும் நிற்கவில்லை. சீல் தரமில்லையோ?

பதில்: எல்லோரும் சீலைத்தான் திட்டுகிறார்கள். சீல் உரசும் குரோம் குழாயைப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில், சீல் ஏறி இறங்கும் பகுதி முழுவதும் விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் தடுக்கும் இடத்தில்தான் புதிய சீலின் உதடும் கிழிகிறது. சிறு துருப்புள்ளி என்றால், எண்ணெயில் நனைத்த 2000 எண் உப்புத்தாளால் விளிம்பை மழுக்கி, குழியை எபாக்சி பசையால் நிரப்பி, இறுகியதும் சமன்படுத்தலாம். குரோம் உரிந்திருந்தால் மறுமுலாம் அல்லது வேறு குழாய். குறுக்கு வழி இல்லை.

குழாய் பளிங்காக இருக்கிறதா? உள்ளே புஷ் (குழாயை ஆடாமல் பிடிக்கும் வளையம்) தேய்ந்திருக்கலாம். குழாய் பக்கவாட்டில் ஆடினால் எந்தச் சீலும் தாங்காது. அடுத்த சந்தேகம், மாட்டிய விதம். குழாயின் மேல்முனையில் எண்ணெய் தடவிய பிளாஸ்டிக் உறையைப் போர்த்தாமல் சீலை இறக்கினால், கூரான விளிம்பு உதட்டைச் சீவிவிடும். சக்கரத்தை மாட்டியதும் ஃபோர்க்கைச் சில முறை அமுக்கி விட்ட பிறகே அச்சின் பிடிப்பு போல்ட்டை முறுக்குங்கள். இல்லாவிட்டால் ஃபோர்க்கின் கால் கோணலாக நின்று சீலை ஒரு பக்கமாகத் தேய்க்கும்.

இன்னொன்று: புதிதாகத் தொடங்கிய கசிவு சில சமயம் வெறும் மணல். டஸ்ட் சீலை (தூசி தடுக்கும் மேல் வளையம்) நெம்பி மேலேற்றி, மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைச் சீலுக்கும் குழாய்க்கும் நடுவே நுழைத்துச் சுற்றி இழுத்தால் அழுக்கு வெளியே வரும். முதலில் இதைச் செய்து பாருங்கள்.

கேள்வி: எண்ணெய் அளவை மில்லிலிட்டரில் அளந்தால் போதாதா?

பதில்: முழுக்கக் கழற்றித் துடைத்திருந்தால் போதும். வடிகால் திருகு வழியாக வடித்தால் பழையது கொஞ்சம் தங்கும். அப்போது மில்லிலிட்டர் கணக்கு பொய். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, காற்றுக் குமிழ் அடங்கும்வரை ஃபோர்க்கை ஏற்றி இறக்கி, முழுக்க அமுக்கிய நிலையில் நிமிர்த்தி, குழாயின் மேல்விளிம்பிலிருந்து எண்ணெய்ப் பரப்பு வரை அளவுகோலால் அளந்து கையேட்டின் எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். கூடிப்போனால் மேலே சிக்கிய காற்று நெருக்குண்டு சீலையே வெளியே தள்ளும்.

கேள்வி: சீல் உலர்ந்திருக்கிறது, ஆனால் காலின் அடியில் சொட்டுகிறது.

பதில்: அடி போல்ட்டின் செம்பு வாஷர். புதியது போடுங்கள். போல்ட்டோடு உள்தண்டும் சேர்ந்து சுழன்றால், ஸ்பிரிங்கைக் கழற்றாமல் ஃபோர்க்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு திருகுங்கள்.

கேள்வி: கசிந்த எண்ணெய் பிரேக் பேடில் பட்டுவிட்டது. பெட்ரோலில் கழுவினால் போதுமா?

பதில்: போதாது. பேடை வீசிவிட்டுப் புதியது போடுங்கள். டிஸ்க்கை மட்டும் பிரேக் கிளீனரால் துடையுங்கள். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள்.