அயனி துடைத்த இடத்தில் நீராவி: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: டூல் ஸ்டீல் பாகங்களுக்கு டைட்டானியம் நைட்ரைடு பூச்சு போடுகிறோம். முன்சுத்தத்துக்கு நீள்பிளவு கொண்ட அயனி மூலம் ஒன்றை (வாயு அணுக்களை மின்னேற்றிப் பாகத்தின் மேல் பாய்ச்சும் கருவி) நாங்களே செய்து சேம்பரில் மாட்டியிருக்கிறோம். ஆர்கான், 2 கிலோவோல்ட். 10 நிமிடம் அடித்தும் சில லோடுகளில் பூச்சு உரிகிறது. மூலத்தில் கோளாறா? (கோவை வாசகர்)

பதில்: மூலத்தைக் கழற்றுவதற்கு முன் வேக்குவம் கேஜைப் பாருங்கள். பாகத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லி ஆம்பியர் அயனி மின்னோட்டம் கிடைத்தால், அங்கே நொடிக்கு 6×10¹⁵ அயனிகள் விழுகின்றன. ஒவ்வொன்றும் சராசரியாக ஒரு இரும்பு அணுவையாவது பெயர்க்கும் என்று வையுங்கள். வெறும் இரும்பில் நொடிக்கு ஏறக்குறைய 0.7 நானோமீட்டர் போய்விடும். எஃகின் மேல் இருக்கும் ஆக்சைடு தோலோ சில நானோமீட்டர்தான். அது இரும்பைவிட மெதுவாகப் பெயர்ந்தாலும், நேரே நிற்கும் பாகத்துக்கு ஓரிரு நிமிடம் தாராளம்.

இடைஞ்சல் எதிர்த் தரப்பில் இருக்கிறது. 5×10⁻⁵ மில்லிபாரில் சேம்பரில் மிச்சமிருப்பது பெரும்பாலும் நீராவி. அது அதே ஒரு சதுர சென்டிமீட்டரில் நொடிக்குச் சுமார் 1.8×10¹⁶ முறை மோதும்; அயனிகளைப் போல் மூன்று மடங்கு. எல்லாம் ஒட்டாது என்றாலும், புதிதாகத் துடைத்த உலோகம் ஆக்சிஜனுக்கு அலையும். சுழலும் மேசை என்றால் நிலைமை இன்னும் மோசம்: பாகம் பிளவைப் பார்ப்பது சுற்றில் கால்வாசி நேரம், நீராவி அடிப்பது முழு நேரம். அதனால் அழுத்தத்தை 5×10⁻⁶ மில்லிபாருக்கு இறக்கிவிட்டு ஆர்கானைத் திறங்கள். பம்ப் ஓடும்போதே ஹீட்டரைப் போட்டு சுவரிலும் பாகத்திலும் ஒட்டிய ஈரத்தை விரட்டுங்கள். சேம்பரைத் திறக்கும்போது காற்றுக்குப் பதிலாக உலர்ந்த நைட்ரஜனை விடுங்கள். உரிந்த லோடுகள் மழை நாளிலோ, கதவு வெகுநேரம் திறந்து கிடந்த நாளிலோ ஓடியவையா என்று பதிவேட்டில் பாருங்கள். அயனியை நிறுத்திவிட்டு டைட்டானியம் கேத்தோடை (பூச்சுக்கான டைட்டானியத்தைத் தரும் மின்முனை) தயார் செய்யும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். பூச்சு தொடங்கிய பிறகே அயனியை அணைக்க வேண்டும்.

கேள்வி: பிளவின் ஒரு முனை பளிச்சென்று எரிகிறது, மறுமுனை மங்கல். அடிக்கடி பொறியும் அடிக்கிறது. (அதே வாசகர்)

பதில்: ஆனோடுக்கும் (நேர்மின்முனை) காந்தத்தின் துருவத் தகடுக்கும் இடையே 2 மில்லிமீட்டர் என்றால், 0.2 மில்லிமீட்டர் கோணல்கூட ஒளியில் தெரியும். ஃபீலர் கேஜால் 5 சென்டிமீட்டருக்கு ஒருமுறை அளந்து குறியுங்கள். இடைவெளி சரியாக இருந்தால் சந்தேகம் காந்தத்தின் மேல். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் வலுவிழக்கும். சமேரியம் கோபால்ட் விலை கூட, ஆனால் இந்த இடத்தில் அதுதான் நிற்கும். பொறிக்குப் பெரும்பாலும் காரணம் பிளவில் விழுந்த டைட்டானியச் செதில். பூச்சு நேரத்தில் மூலத்தை மூட ஒரு ஷட்டர் வையுங்கள். ஆனோடைக் குளிர்விக்க போர்வெல் தண்ணீர் ஓடினால் 2 கிலோவோல்ட் அதன் வழியே தரைக்குக் கசியும். அயனி நீக்கிய நீரும் ஒரு மீட்டருக்குக் குறையாத பிளாஸ்டிக் குழாயும் வேண்டும்.

கேள்வி: இப்படி ஒரு மூலத்துக்குக் காப்புரிமை கிடைக்குமா? ஒரு வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே ஓட்டிக் காட்டிவிட்டோம். (ஓசூர் வாசகர்)

பதில்: மூலம் முழுவதற்கும் கேட்டால் கிடைக்காது. காந்தப்புலத்தில் எலக்ட்ரானைச் சுற்றவிட்டு அயனியைத் தள்ளும் இதே குடும்பத்து உந்துபொறி 1971-லேயே சோவியத் மீட்டியோர் செயற்கைக்கோளில் ஏறியது. ஆகவே முன்கலையை (ஏற்கெனவே வெளியில் தெரிந்த தொழில்நுட்பத்தை) தேடும்போது அயனி மூல வகுப்பான எச்01ஜே 27-உடன் நிற்காமல், விண்கல உந்துபொறி வகுப்பான எஃப்03எச் 1-ஐயும் துழாவுங்கள். பலர் தடுக்கி விழுவது அங்கேதான். தெரிந்த பாகங்களைத் தனித்தனியே வேலை செய்யும்படி அடுக்கிவைத்தது மட்டும் என்றால் 1970 காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு தடுக்கும். கோர வேண்டியது, ஒரு குறிப்பிட்ட கோளாறைத் தீர்க்கும் குறிப்பிட்ட வடிவத்தை. எடுத்துக்காட்டாக, தேயும் துருவ விளிம்பை மட்டும் கழற்றி மாற்றும்படி அமைத்த கிராஃபைட் மூடி, இடைவெளி அளவோடும், அதனால் பாகத்தில் படியும் இரும்பு எவ்வளவு குறைந்தது என்ற அளவீட்டோடும்.

ஓட்டிக் காட்டியபோது ரகசிய ஒப்பந்தம் இருந்ததா? இல்லையென்றால் அதுவே புதுமையைக் கெடுக்கலாம். இனி யாருக்கும் காட்டாமல் உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். தற்காலிக விவரக்குறிப்பை படிவம் 1, 2-உடன் இணையத்தில் தாக்கல் செய்ய தனிநபருக்கு 1,600 ரூபாய். தமிழ்நாட்டு விண்ணப்பம் கிண்டி அலுவலகத்துக்குப் போகும். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு, முதல் தாக்கல் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் படிவம் 18 (விண்ணப்பத்தை ஆராயக் கேட்கும் கோரிக்கை). தற்காலிகத்தில் எழுதாத அம்சத்துக்கு அந்தத் தேதி கிடைக்காது. அதனால் ‘ஏதோ ஒரு படம்’ என்று போட்டுவிடாதீர்கள். தெரிந்ததில் சிறந்த முறையை முழு விவரக்குறிப்பில் சொல்லியாக வேண்டும் என்பதால், காந்த வலிமையையும் இடைவெளியையும் மறைத்து எழுதுவது பிற்பாடு எதிராளிக்குத்தான் உதவும். வெளிநாட்டிலும் வேண்டுமானால், இங்கே தாக்கல் செய்து ஆறு வாரம் கழித்துப் போங்கள், அல்லது அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவின் கீழ் முன் அனுமதி வாங்குங்கள்.