இளவரசிக்கு முதலில் ஒரு நாடு வேண்டும்: கேள்வி பதில்

நெல்லைச் சீமையைக் களமாக வைத்து, நாட்டைக் காக்கும் வீர இளவரசி கதை எழுதப் பல பிள்ளைகள் முனைந்திருக்கிறார்கள். அவர்களும் அவர்களுடைய ஆசிரியர்களும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பாளையக்காரர் காலத்தையும் இந்தப் பக்கத்து வில்லுப்பாட்டுக் கதைகளையும் வெகுகாலமாகப் படித்துவருபவன் நான். இளையோருக்குக் கதையும் எழுதுகிறேன்.

அண்ணாச்சி, இளவரசிக்குக் கருங்கல் கோட்டை, அகழி, ஏழு வாசல் எல்லாம் வைத்திருக்கிறேன். நம்ம பக்கத்துக்கு ஒத்துவருமா? (பதினோராம் வகுப்பு மாணவன், கயத்தாறு)

தம்பி, கருங்கல்லை விட்டுவிட்டு மண்கோட்டை கட்டு. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை முழுக்க மண்தான். நீளம் சுமார் 500 அடி, அகலம் 300 அடி, சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. 1799-இல் உன் ஊரில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகு அந்தக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை, ஆட்களைத் திரட்டிக் கொஞ்ச நாளிலேயே அதை மறுபடி எழுப்பிவிட்டார். மார்ச் மாதம் தாக்க வந்த கும்பினிப் படை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, தோற்றுத் திரும்பியது. கூடுதல் படையும் பீரங்கிகளும் வந்து சேர்ந்த பிறகு, மே மாதம்தான் கோட்டை விழுந்தது.

கருங்கல்லில் இது நடக்காது. உன் கதைக்கு எவ்வளவு நல்ல காட்சி கிடைக்கிறது பார். எதிரி இடித்துப் போட்ட சுவரை ஊரே கூடி ராப்பகலாக மண் குழைத்து எழுப்புகிறது. அந்தக் கூட்டத்தில் இளவரசியும் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு மண்கூடை சுமக்கிறாள். அவள் கையில் வாளைக் கொடுப்பதற்கு முன்னால் இந்தக் காட்சியை எழுதிவிடு.

எதிரி எங்கிருந்து வருவான், எப்போது வருவான் என்று முடிவு செய்ய முடியவில்லை. எல்லாக் கதையிலும் வடக்கேயிருந்து பெரும்படை வருகிற மாதிரியே இருக்கிறது. (கல்லூரி மாணவி, கடையம்)

எல்லாரும் அவசரமாகத் தாண்டிப் போகிற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் நாட்டுக்குள் நுழைய வழிகள் எண்ணிச் சொல்லக்கூடியவை. மேற்கே செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவுக் கணவாய், தென்மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய். வடக்கே கரிசல் வெளி, கிழக்கே கடல். ஒவ்வொன்றிலும் போர் வேறு மாதிரி நடக்கும். ஆடியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் அடிக்கிற காற்றில் அம்பு குறி தப்பும். திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரியில் செம்மணல் குதிரைக் குளம்பை உள்ளே வாங்கிவிடும். மழை பெய்த கரிசலில் வண்டிச் சக்கரம் நகராது, பீரங்கி இழுத்து வருகிறவன் அங்கேயே நின்றுவிடுவான். அதனால் உன் இளவரசிக்குத் தன் மண் எங்கே இறுகும், எங்கே இளகும் என்று தெரிந்திருக்க வேண்டும். எதிரிப் படைத்தலைவனுக்கு அது தெரியாது.

அடுத்தது காலம். தாமிரபரணிக்கு இரண்டு மழையும் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் மலையில் பெய்து ஆனி, ஆடியில் வரும் தண்ணீரில் கார் பயிர். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழையோடு பிசானம். பிசானம் அறுவடைக்கு வரும்போது ஆற்றில் தண்ணீர் இறங்கியிருக்கும், படை இறங்கிக் கடக்கலாம். களத்துமேட்டில் நெல்லும் குவிந்திருக்கும். புத்தியுள்ள எதிரி அப்போதுதான் வருவான்.

அதைவிடப் புத்தியுள்ளவன் கோட்டைப் பக்கமே வரமாட்டான். நேரே அணைக்கட்டுக்குப் போவான். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உண்டு. ஸ்ரீவைகுண்டம் வெள்ளைக்காரர் காலத்தது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. கன்னடியன் அணைக்கட்டைப் பிடித்துக் கால்வாயை அடைத்தால் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி வயல்கள் காயும். குளங்கள் வற்றும். ஒரு அம்பும் விடாமல் நாட்டை மண்டியிட வைக்கலாம்.

இங்கே உன் இளவரசிக்கு ஒரு கடினமான முடிவைக் கொடு. எதிரியின் பாசறை பெரிய குளத்துக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. கரையை வெட்டினால் ஒரே ராத்திரியில் படை அழியும். கூடவே தன் மக்களின் ஒரு வருசச் சோறும் போகும். மடை திறக்கிற பெரியவர் கண்ணெதிரே அவள் மண்வெட்டியை ஓங்குகிறாளா, கீழே போடுகிறாளா? எதைச் செய்தாலும் நான் படிப்பேன். முடிவெடுக்க அவள் படுகிற பாட்டைத்தான் முழுசாக எழுத வேண்டும்.

வேலு நாச்சியாரை மாதிரியாக வைத்து எழுதலாமா? (ஆசிரியை, சங்கரன்கோவில்)

தாராளமாக எழுதலாம் டீச்சர். அவர் சிவகங்கைச் சீமை, பிறப்பு ராமநாதபுரம் அரச குடும்பம், அதை நெல்லைக்கு மாற்றிவிடாதீர்கள். 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டபின் விருப்பாச்சிப் பக்கம் தங்கி, ஐதர் அலியின் உதவியைப் பெற்று, 1780-இல் சீமையை மீட்டார். இடைப்பட்ட அந்த எட்டு வருசம்தான் கதை எழுதுகிறவருக்குப் பாடம். அடைக்கலம் கேட்பது, காத்திருப்பது, கூட்டாளி சேர்ப்பது என்று எவ்வளவோ இருக்கிறது. பிள்ளைகள் அதையெல்லாம் ஒரே பத்தியில் தாண்டி வெற்றிக்குப் போய்விடுகிறார்கள்.

இன்னும் பழசாக வேண்டுமென்றால் கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் வழியாகக் கிரேக்கர்கள் எழுதிவைத்த பண்டையா இருக்கிறாள். கிரேக்கக் கதைகளின் வீரன் ஹெரக்ளிசின் மகளான அவளுக்குத் தெற்கே ஒரு நாடு, அதில் 365 ஊர்கள், நாளுக்கு ஓர் ஊர் திறை கொண்டுவர வேண்டும். மகளை அலங்கரிக்க அப்பன் கடலில் முத்துத் தேடியதாகவும் சொல்கிறார்கள். முத்து என்றதும் எனக்குக் கொற்கைதான் நினைவுக்கு வரும். அந்தப் பாண்டியர் துறைமுகம் இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளி, ஆற்று வண்டலுக்கு நடுவே கிடக்கிறது. கடல் தன் ஊரைவிட்டு விலகிக்கொண்டே போவதைப் பார்க்கிற ஓர் இளவரசியை யாராவது எழுத மாட்டார்களா என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

அவளுக்கு என்ன ஆயுதம் கொடுக்கலாம்? வயது பதினாறு. (மாணவன், ஏரல்)

வளரி. பிறைபோல வளைந்திருக்கும், ஒரு முனை கனம், மறு முனை மெலிவு. மெலிந்த பக்கம் பிடித்துச் சுழற்றி எறிய வேண்டும். சின்ன மருதுவிடம் இதைக் கற்றுக்கொண்ட வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி, தேர்ந்த கை எறிந்தால் நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்று எழுதியிருக்கிறார். பயிற்சிக் காட்சியில் அவள் மணிக்கட்டைக் கவனித்து எழுது. கனத்த வாளை ஒரு நாளில் பழகிவிட்டாள் என்று எழுதினால் சிலம்பம் தெரிந்த பிள்ளை யாரும் நம்பாது.

மந்திரம் வேண்டாமா? பறக்கும் நாகம் வைக்கலாமா? (வயது 14, வள்ளியூர்)

வை, தங்கச்சி. ஆனால் நம் மண்ணில் ஏற்கெனவே இருக்கிற மந்திரத்தையும் பார். கோயில் கொடையில் வில்லடித்து, உடுக்கும் குடமும் முழங்க, தெய்வத்தின் கதையைப் பாடப்பாடச் சாமியாடுகிறவர் மேல் அது இறங்குகிறது. இதை உன் மந்திரத்துக்கு விதியாக்கிக்கொள். கதை முழுசாகத் தெரிந்தவள் பாடினால்தான் காவல் தெய்வம் வரும். பாட்டில் ஒரு பகுதியை யாரோ மறைத்துவிட்டார்கள், இளவரசி அதைத் தேடிப் போகிறாள். இசக்கியையும் மாடனையும் கும்பிடுகிறவர்கள் நம்மோடு வாழ்கிறார்கள், அதனால் பேய் பிசாசு போலக் காட்டாதே. நீயே ஒரு தெய்வத்தைப் படைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

எதிரி நாட்டு இளவரசனோடு காதல் வரலாமா? (மாணவி, அம்பாசமுத்திரம்)

வரலாம். உங்கள் பக்கத்து வில்லுப்பாட்டிலேயே, கன்னட அரசன் மகள் வள்ளியூர்க் குலசேகரப் பாண்டியன் மேல் ஆசைப்பட்டுத்தான் பெரும்போர் மூள்கிறது. முடிவு சோகம். காதலுக்காக அவள் அறிவை மட்டும் குறைத்துவிடாதே.

எந்தப் பாளையத்தை வைத்தாலும் சாதிப் பெருமையாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. (ஆசிரியர், கோவில்பட்டி)

நியாயமான பயம், சார். கற்பனைப் பாளையமே வையுங்கள், பெயரும் புதிதாக இருக்கட்டும். மண்வெட்டுகிறவர், பனையேறி, முத்துக்குளிப்பவர், குயவர் எல்லாருக்கும் கதையில் வேலை கொடுங்கள், பெயர் கொடுங்கள். அவர்கள் இல்லாமல் இளவரசி ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது என்பது கதை ஓட்டத்திலேயே தெரிய வேண்டும்.

சண்டை போடாத பெண்களுக்கு இந்தக் கதையில் இடமே இல்லையா அண்ணாச்சி? என் கதையில் இளவரசியின் அத்தை ஒருத்தி இருக்கிறாள், அவளை என்ன செய்வதென்றே தெரியவில்லை. (மாணவி, பாளையங்கோட்டை)

1801-இல் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தபோது நடந்ததாக வெல்ஷ் எழுதிய ஒன்றைச் சொல்கிறேன். விழுந்து கிடந்தவர்களுக்கு நடுவே ஒரு தாய் தன் மகனைத் தேடிப் போகிறாள். உயிர் ஊசலாடும் நிலையில் கண்டெடுக்கிறாள். அவனோ, என்னை விடு, பக்கத்தில் கிடக்கிற சாமியைக் காப்பாற்று என்கிறான். சாமி என்று அவன் சொன்னது ஊமைத்துரையை. பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கும்பினியோடு சேர்ந்திருந்த எட்டயபுரத்து ஆட்கள் தேடி வருகிற சத்தம் கேட்டதும் மேலே துணியைப் போர்த்தி, ஒப்பாரி வைக்கிறார்கள். யாரென்று கேட்டதற்கு, வைசூரி கண்டு செத்த பையன் என்கிறார்கள். வந்தவர்கள் கிட்டே நெருங்காமல் ஓடிவிடுகிறார்கள்.

உன் இளவரசி காயப்பட்டு விழுகிற அத்தியாயத்தில் அந்த அத்தையைக் கொண்டுவா. அவள் பயத்தை மறைக்க வேண்டாம், கை நடுங்கட்டும். துணியைப் போர்த்திவிட்டு அவள் எடுக்கிற முதல் ஒப்பாரி வரியை நீயே எழுது. உன் ஆச்சியிடம் கேட்டால் மெட்டுச் சொல்லித் தருவாள்.