சங்கக்காரவின் மிகப் பெரிய சாதனை எது? கையுறை இல்லாமல் எடுத்த 9,283 ஓட்டங்கள்

கேள்வி: "குமார் சங்கக்காரவின் துடுப்பாட்டச் சாதனைகளில் எது பெரியது? லாரா, டெண்டுல்கர், பொண்டிங் வரிசையில் அவரையும் வைக்கலாமா?"

தாராளமாக வைக்கலாம். முதலில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 134 டெஸ்ட், 12,400 ஓட்டங்கள், சராசரி 57.40, சதங்கள் 38. ஒருநாள் போட்டிகள் 404, ஓட்டங்கள் 14,234, சதங்கள் 25, அரைச்சதங்கள் 93. ஓய்வு பெற்றபோது ஒருநாள் ஓட்டங்களில் டெண்டுல்கருக்கு அடுத்த இடம் அவருடையதுதான், பத்து வருடம் கழித்துத்தான் கோலி அதைத் தாண்டினார். டெஸ்டில் 10,000 ஓட்டங்களை 195 இன்னிங்ஸில் எட்டி லாராவுக்கும் டெண்டுல்கருக்கும் சமமாக நின்றார். 12,000 ஐ 224 இன்னிங்ஸில் எட்டினார், அவ்வளவு விரைவாக வேறு யாரும் எட்டியதில்லை.

சரி, இனி என் பதில்.

சங்கக்கார இலங்கை அணிக்குள் வந்தது விக்கெட் காப்பாளராக. நாள் முழுக்க விக்கெட்டுக்குப் பின்னால் குந்தி எழும்பிவிட்டு, கால்காப்பை மாற்றிக்கொண்டு மூன்றாம் இலக்கத்தில் இறங்க வேண்டும். தொடக்க வீரர் முதல் ஓவரிலேயே ஆட்டமிழந்தால் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் இருக்காது. அப்படிக் காப்பாளராக ஆடிய 48 டெஸ்டில் அவர் எடுத்தது 3,117 ஓட்டங்கள், சராசரி 40 ஐக் கொஞ்சம் தாண்டும், சதங்கள் 7. ஒரு காப்பாளருக்கு அதுவே பெரிய விஷயம். 2006 இல் டெஸ்டில் கையுறையை பிரசன்ன ஜயவர்தனவிடம் கொடுத்துவிட்டு வெறும் துடுப்பாட்ட வீரராக மாறினார். கையுறை இல்லாமல் ஆடிய மொத்தம் 86 டெஸ்டில் 9,283 ஓட்டங்கள், 31 சதங்கள், சராசரி 66.78!

இந்த 66.78 ஐ ஒரு தடவை நின்று பாருங்கள். ஒரு நல்ல தொடரிலோ நல்ல வருடத்திலோ இப்படி ஒரு சராசரி பலருக்கு வரும். 86 டெஸ்ட் என்பது பல நல்ல வீரர்களின் முழு விளையாட்டு வாழ்க்கை. அதனால்தான் மிகப் பெரிய சாதனை எது என்று கேட்டால் ஒரே இன்னிங்ஸில் எடுத்த 319 ஐயோ 287 ஐயோ சொல்லாமல் இதைச் சொல்கிறேன்.

"பங்களாதேஷுக்கு எதிராக அடித்துச் சேர்த்ததுதானே" என்று உடனே ஒருவர் வருவார், அதையும் பார்த்துவிடுவோம். பங்களாதேஷுக்கு எதிராக 15 டெஸ்டில் 1,816 ஓட்டங்கள், சராசரி 95 க்கு மேல். உண்மைதான். அதை முழுதாகக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மீதிச் சராசரி 53 க்கு மேல் வருகிறது. பாகிஸ்தானுக்கு எதிராக மட்டும் 2,911 ஓட்டங்கள், 10 சதங்கள், சராசரி 74 க்கு மேல். சயீட் அஜ்மலும் உமர் குல்லும் பந்து வீசிய பாகிஸ்தான் அது, யாரும் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை. குறை சொல்வதென்றால் தென்னாபிரிக்க மண்ணிலும் இந்திய மண்ணிலும் அவர் சராசரி 40 க்குக் கீழ், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலான ஆசிய வீரர்கள் தடுமாறுகிற அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும்தான் அவருடைய மிக நல்ல இன்னிங்ஸ்கள் வந்தன. 2006 டிசம்பரில் வெலிங்டனில் இலங்கை மொத்தம் எடுத்தது 268, அதில் 156 அவருடையது, கடைசிவரை ஆட்டமிழக்கவும் இல்லை.

மஹேல ஜயவர்தனவுடன் சேர்ந்து எடுத்த அந்த 624 ஓட்ட இணைப்பாட்டம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். 2006 ஜூலையில் கொழும்பு எஸ்எஸ்சி மைதானத்தில் தென்னாபிரிக்கா 169 க்குச் சுருண்ட பிறகு இலங்கை 14 க்கு இரண்டு விக்கெட். அங்கே சேர்ந்த சங்கக்காரவும் மஹேலவும் பிரிந்தபோது ஓட்டம் 638. சங்கக்கார 287, மஹேல 374. முதல்தர கிரிக்கெட்டில் எந்த விக்கெட்டுக்கும் இதைவிடப் பெரிய இணைப்பாட்டம் இன்றுவரை இல்லை.

ஆனால் எனக்கு சங்கக்கார என்றால் ஹோபார்ட்தான்.

2007 நவம்பர் 20. நான் அப்போது கண்டியில் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். இலங்கைக்கு அவுஸ்திரேலியா வைத்த வெற்றி இலக்கு 507. யாருமே டெஸ்டில் அதுவரை அடித்ததில்லை. முந்தின நாள் மாலையே சங்கக்கார சதம் அடித்துவிட்டு நின்றதால் அப்பா விடியப்புறமே எழும்பித் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டார். வெளியே இன்னும் இருட்டு, வீட்டில் மற்றவர்கள் தூக்கம், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் பிளேன்ரீ கோப்பையுடன் தரையில் இருந்து பார்த்தோம். பிரெட் லீ ஒரு பக்கம், ஸ்டூவர்ட் கிளார்க், மிட்செல் ஜோன்சன் என்று மாறி மாறி வந்தார்கள். எதிர்முனையில் விக்கெட்டுகள் விழ விழ அப்பா கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தார், குடிக்கவில்லை. கடைசியில் மாலிங்க வந்த பிறகு சங்கக்கார அடிக்கத் தொடங்கினார் பாருங்கள், அதுவரை பொறுமையாக ஆடியவர் இவரா என்று தோன்றியது. லீயின் பந்தைக்கூட முன்காலை நகர்த்தி கவர் பக்கம் அனுப்பினார்.

அந்த கவர் ட்ரைவை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள், ஆனாலும் நான் பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் வலது கால் பந்து விழும் இடத்துக்கு நீண்டு போகும். இடது முழங்கால் மெல்ல மடிந்து தரையைத் தொடுகிற அளவுக்கு வரும். தலை பந்துக்கு நேர் மேலே அசையாமல் இருக்கும், துடுப்பு அதற்குப் பிறகுதான் வரும். பந்து போன பிறகும் அவர் அதே நிலையில் ஒரு கணம் இருப்பார். தெருவில் விளையாடும்போது வலதுகைக்காரப் பெடியன்கள்கூட இடதுகையில் துடுப்பைப் பிடித்து அதைச் செய்து பார்த்திருக்கிறோம், யாருக்கும் அந்த முழங்கால் அப்படி மடியவில்லை.

192 இல் இருக்கும்போது கிளார்க் எறிந்த குறைநீளப் பந்தை இழுத்து அடிக்கப் போனார். பந்து துடுப்பில் படவே இல்லை. தோளில் பட்டு, ஹெல்மெட்டில் பட்டு, ஸ்லிப்பில் நின்ற பொண்டிங்கின் கைக்குப் போனது. நடுவர் ரூடி கேர்ட்சன் விரலை உயர்த்திவிட்டார். அப்போது மேன்முறையீட்டு முறை கிடையாது, சங்கக்கார போகத்தான் வேண்டியிருந்தது. பிறகு கேர்ட்சன் அதற்காக மன்னிப்புக் கேட்டார். இலங்கை 410 இல் முடிந்து 96 ஓட்டங்களால் தோற்றது. அன்று பள்ளிக்கூட வேனில் ஏறும்போது எனக்கு அழுகை வந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நாலாவது இன்னிங்ஸில், அவுஸ்திரேலிய மண்ணில், அந்தப் பந்துவீச்சுக்கு எதிராக அதைவிடச் சிறந்த ஒரு இன்னிங்ஸை நான் பார்த்ததில்லை.

அப்பாவுக்கு அவர் மேல் இருந்த பிரியத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2011 இல் எம்சிசி (மெரிலிபோன் கிரிக்கெட் கழகம்) அழைத்து லண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் கொலின் கௌட்ரி உரையை நிகழ்த்தச் சொன்னபோது, 1983 கலவரத்தில் தமிழ் நண்பர்கள் கண்டியிலிருந்த தன் குடும்பத்தின் வீட்டில் அடைக்கலம் தேடி ஒளிந்திருந்ததைச் சங்கக்கார சொன்னார். கண்டித் தமிழர்களுக்கு அதைக் கேட்பது எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அந்த உரையை நிகழ்த்திய நாளில் அதே லோர்ட்ஸில் அவருக்கு ஒரு டெஸ்ட் சதமும் இல்லை. 2014 ஜூனில், 36 வயதில், அங்கே 147 அடித்தார். அந்த ஒரு வருடத்தில் மட்டும் சிட்டகொங்கில் 319, அதே போட்டியின் இரண்டாவது இன்னிங்ஸில் 105, லோர்ட்ஸில் 147, காலியில் 221. மூன்று வகைப் போட்டிகளையும் சேர்த்து 2,868 ஓட்டங்கள். ஒரே வருடத்தில் அவ்வளவு ஓட்டங்களை அதற்கு முன் யாரும் எடுத்ததில்லை.

அதே 2014 ஏப்ரலில் டாக்காவில் இருபதுக்கு20 உலகக் கிண்ண இறுதிப் போட்டி. 2007, 2009, 2011, 2012 என்று நான்கு இறுதிப் போட்டிகளில் தோற்ற அணியில் அவர் இருந்தார், அதில் 2009 இல் லோர்ட்ஸில் ஆட்டமிழக்காமல் 64 எடுத்தும் கிண்ணம் கிடைக்கவில்லை. டாக்காவில் இந்தியாவின் 130 ஐத் துரத்தும்போது 35 பந்தில் 52, ஆட்டமிழக்கவில்லை, ஆட்ட நாயகன். அடுத்த வருடம் 50 ஓவர் உலகக் கிண்ணத்தில் பங்களாதேஷ், இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, ஸ்கொட்லாந்து என்று அடுத்தடுத்து நான்கு சதங்கள். உலகக் கிண்ணத்தில் அதற்கு முன் யாரும் தொடர்ந்து மூன்றுகூட அடித்ததில்லை. அப்போது அவருக்கு வயது 37, கையுறையும் அவர் கையில்தான் இருந்தது.

இனி எனக்கு இன்னும் ஆறாத விஷயம். டெஸ்டில் அதிக இரட்டைச் சதங்கள் பிராட்மனுடையவை, 12. சங்கக்காரவுக்கு 11. ஹோபார்ட்டில் அந்தத் தவறான தீர்ப்பு இல்லையென்றால் 12 ஆகியிருக்க நிறைய வாய்ப்பு இருந்தது. 2012 இல் காலியில் பாகிஸ்தானுக்கு எதிராக இன்னும் மோசமாக ஒன்று நடந்தது. 193 இல் இருக்கும்போது அஜ்மலின் பந்தை சிக்ஸருக்கு அடித்தார். அதற்கு முன் ஓட்டப்பலகை 194 என்று காட்டியிருந்ததால் 200 வந்துவிட்டது என்று நினைத்து துடுப்பை உயர்த்தினார். உண்மையில் 199. அந்த ஒரு ஓட்டத்தை எடுப்பதற்குள் கடைசி வீரர் நுவன் பிரதீப் ஆட்டமிழந்துவிட்டார். அடுத்த டெஸ்டில் எஸ்எஸ்சியில் மறுபடி 192. ஆக மூன்று இன்னிங்ஸ், மூன்றுக்கும் சேர்த்து 17 ஓட்டங்கள்தான் குறைவு.

பதினொன்றாவது 2015 ஜனவரியில் வெலிங்டனில் வந்தது, இலங்கை 78 க்கு ஐந்து விக்கெட் இழந்து நின்றபோது அவர் இழுத்துக்கொண்டு போய் எடுத்த 203. அதற்குப் பிறகு ஆடியது நான்கு டெஸ்ட்தான். இந்தியாவுடனான கடைசி இரண்டிலும் நான்கு தடவையும் அவரை எடுத்தது சென்னையின் அஸ்வின். 2015 ஓகஸ்டில் பி.சரவணமுத்து மைதானத்தில் கடைசி இன்னிங்ஸில் 18 ஓட்டங்கள் எடுத்து முரளி விஜய்யிடம் பிடி கொடுத்தார். இந்திய வீரர்கள் ஓடிவந்து கை கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் அப்பா கதிரையை விட்டு எழும்பி, அவர் எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே போகும்வரை தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.