வயசான நாயைத் தத்தெடுக்கலாமா?

கேள்வி: காப்பகத்தில் 9 வயது நாட்டு நாய் ஒன்று சாதுவாக இருக்கிறது. நாங்கள் இருவரும் 65-ஐத் தாண்டியவர்கள். தத்தெடுக்கலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: தாராளமாக. குட்டியின் பின்னால் ஓடுவதைவிட இது உங்களுக்குத் தோது. ஆனால் உடம்பு முடியாத நாயும் சாதுவாகத்தான் படுத்திருக்கும். கூண்டுக்கு வெளியே பத்து நிமிஷம் நடக்க விட்டுப் பாருங்கள். எழும்போது பின்னங்கால் தடுமாறினால் மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், வெளிறியிருந்தால் ரத்தசோகையாக இருக்கலாம். நம் ஊரில் பல சமயம் அது உண்ணிக் காய்ச்சலின் வேலை. ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், சிறுநீர் மூன்றையும் பரிசோதிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கருத்தடை ஆகாத பெட்டை என்றால் கர்ப்பப்பையில் சீழ் இருக்கிறதா என்று ஸ்கேனும் அவசியம். கண்ணில் லேசான நீலப் புகை பெரும்பாலும் வயசுக் கோளாறுதான். டாக்டரிடம் ஒருமுறை காட்டினால் போதும்.

வீட்டில் முதல் எதிரி டைல்ஸ் தரை. அது நடக்கும் வழியில் ரப்பர் பாய் விரியுங்கள். சாப்பாட்டைச் சட்டென மாற்றினால் பேதியாகும். காப்பகத்துச் சாப்பாட்டைக் கால் கால் பங்காகக் குறைத்து, அந்த அளவுக்கு உங்கள் வீட்டுச் சாப்பாட்டைக் கூட்டிக்கொண்டே 7 முதல் 10 நாளில் மாற்றுங்கள். நொண்டுகிறதே என்று உங்கள் பாராசிட்டமாலையோ இப்யூபுரூஃபெனையோ கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு அவை விஷம்.